காதில் இருந்தது காருக்குப் போனது எப்படி?

"ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத்துக்குக் கருவிகளைப் பற்றி எழுத என்ன வேலை?" என்று உரிமையோடு கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. கேள்வி நியாயமானதுதான். நான் கல்லூரியில் படித்தது தமிழ் இலக்கியம்; இயற்பியல் என் துறையன்று. ஆனால் நம் வீடுகளுக்குள் வந்து குடியேறிவிட்ட கருவிகள், துறை பார்த்து நம்மைத் தொல்லைப்படுத்துவதில்லை. சென்ற மாதம் நடந்த ஒரு சம்பவமே இம்மாதக் கட்டுரைக்குக் காரணமாயிற்று. சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் அனுமதியைப் பெற்றே எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

எங்கள் தெருவிலுள்ள நண்பர் ஒருவர் தம் மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை துபாயில் வேலை பார்ப்பவர். அவருடைய சாச்சா சென்னையிலிருந்து பேச்சுவார்த்தைக்காக வருகிறார் என்பதால், ராமநாதபுரம் ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவர நண்பர் தம் காரில் புறப்பட்டார். இரு வீட்டாருக்கும் தெரிந்தவன் என்ற முறையில் நானும் உடன் சென்றேன். நண்பரின் வலது காதில் ஒரு சிறிய ஹெட்செட் எப்போதும் இருக்கும். நடைமேடையில் நின்றபடி அதில்தான் இரண்டு மூன்று பேரிடம் பேசினார். ரயில் வந்தது, சாச்சாவை வரவேற்றுப் பின்னிருக்கையில் அமர்த்தினோம், கார் புறப்பட்டது.

ஊர் எல்லையைத் தாண்டியிருப்போம். நண்பரின் ராத்தாவிடமிருந்து அழைப்பு வந்தது. நண்பர் கைப்பழக்கத்தில் ஸ்டியரிங்கில் இருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினார். ராத்தாவின் குரல் காரின் நான்கு ஸ்பீக்கர்களிலும் கணீரென்று ஒலித்தது: "தம்பி, துபாயிலே விசாரிச்சுட்டேன். மாப்பிள்ளைக்குச் சம்பளம் அவங்க சொன்னதிலே பாதிதானாம். அந்தச் சாச்சாதான் கூட்டிக் கூட்டிச் சொல்றாராம். அவர் வந்தா நீ கொஞ்சம் கறாராவே கேளு!"

நண்பர் பதறிப்போய்க் காதிலிருந்த ஹெட்செட்டைப் பிடுங்கினார். குரல் நிற்கவில்லை. அதைச் சட்டைப் பைக்குள் போட்டு அமுக்கினார். அப்போதும் நிற்கவில்லை. சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று நினைவுக்கு வருவதற்குள் ராத்தா இன்னும் இரண்டு வாக்கியங்கள் பேசி முடித்துவிட்டார். அவற்றை நான் எழுதப்போவதில்லை.

பின்னிருக்கையில் அமைதி. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம் யாரும் பேசவில்லை. பிறகு சாச்சாவே தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஓவர்டைமையும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தேன். தனித்தனியாச் சொல்லியிருக்கணும்" என்றார். நல்ல மனிதர்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் நண்பர் என்னிடம் வந்து கேட்ட கேள்வி இதுதான்: "ஹஜ்ரத், ஹெட்செட் என் காதிலேதானே இருந்துச்சு? கொஞ்ச நேரத்துக்கு முன்னாலே வரைக்கும் அதிலேதானே பேசினேன்? குரல் ஏன் காருக்குப் போச்சு?"

எனக்கும் தெரியவில்லை. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது மின்னணுப் பொறியாளராக இருக்கிறார். அவரிடம் கேட்டும், அவர் காட்டிய நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டதை வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். காதில் மாட்டும் கருவி நேராகக் கோபுரத்துடன் பேசுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதற்குள் சிம் அட்டையும் இல்லை, அத்தகைய ஆற்றலும் இல்லை. ராத்தாவின் குரல் செல்போன் கோபுரத்தின் வழியாக நண்பரின் கைபேசிக்குத்தான் வருகிறது. கைபேசி அதை வாங்கி, அவிழ்த்து, வேறொரு வகையில் மீண்டும் மூட்டை கட்டி, சில அடி தூரத்திலுள்ள ஹெட்செட்டுக்கோ காருக்கோ தனியான வானொலி அலையில் அனுப்புகிறது. நாம் பேசுவதும் இதே வழியில் திரும்பிச் செல்கிறது. ஆக, ஓர் உரையாடலில் இரண்டு பயணங்கள் இருக்கின்றன: துபாயிலிருந்து கைபேசி வரை ஒன்று, கைபேசியிலிருந்து காது வரை இன்னொன்று. நம் கதை முழுவதும் அந்த இரண்டாவது பயணத்தில்தான் நடக்கிறது. அதற்குப் பெயர் புளூடூத்.

ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1994-ஆம் ஆண்டு இந்த வேலை தொடங்கிற்று. யாப் ஹார்ட்சன் என்ற டச்சுப் பொறியாளரும் ஸ்வென் மாட்டிசன் என்பவரும் இதில் முன்னின்றார்கள். கைபேசியையும் அதன் துணைக்கருவிகளையும் இணைக்கும் கம்பியை ஒழிக்க வேண்டும் என்பதே நோக்கம். எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் 1998-இல் கூட்டாக ஓர் அமைப்பை நிறுவி, எவர் செய்த கருவியும் எவர் செய்த கைபேசியுடனும் பேச வேண்டும் என்று பொதுவிதி வகுத்தன. பெயர் விந்தையானது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற மன்னருக்கு 'நீலப்பல்' என்பது பட்டப்பெயர். பிரிந்து கிடந்த கூட்டத்தாரை ஒன்றுசேர்த்தவர் என்று அவரைச் சொல்வார்கள். இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் கார்டாக் என்பவர், நிறுவனங்களை ஒன்றுசேர்க்கும் முயற்சிக்குத் தற்காலிகமாக அப்பெயரைச் சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. கைபேசித் திரையில் காணும் அந்தக் குறியும் அம்மன்னரின் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் பழைய ரூனிக் எழுத்தில் பிணைத்து வரைந்ததுதான்.

இவை பேசிக்கொள்ளும் அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ். உரிமம் பெறாமலேயே எவரும் பயன்படுத்தலாம் என்று உலக நாடுகள் விட்டுவைத்திருக்கும் பொதுநிலம் அது. பொதுநிலம் என்றால் நெரிசலும் உண்டல்லவா? வீட்டு வைஃபையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான் விழுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இயர்பட்டும் அங்கேதான் பாடுகிறது. இத்தனை சந்தடியில் கைபேசியின் குரல் நம் காதுக்கு மட்டும் எப்படி வந்து சேர்கிறது?

அந்தப் பொதுநிலத்தை 79 சிறு பாத்திகளாகப் பிரித்திருக்கிறார்கள். கைபேசியும் ஹெட்செட்டும் ஒரே பாத்தியில் நின்று பேசுவதில்லை. ஒரு நொடிக்கு 1600 முறை வரை பாத்திவிட்டுப் பாத்தி தாவுகின்றன. எந்தப் பாத்தியிலிருந்து எதற்குத் தாவுவது என்ற வரிசை, இணைப்பை நடத்தும் தலைமைக் கருவியின் முகவரியையும் அதன் கடிகாரத்தையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. இரண்டும் ஒரே கணக்கை வைத்திருப்பதால் ஒரே நேரத்தில் ஒரே இடத்திற்குத் தாவுகின்றன. ஒரு பாத்தியில் வைஃபை குறுக்கிட்டு ஒரு துண்டு கெட்டாலும், அடுத்த துண்டு வேறிடத்தில் நலமாக வந்து சேர்ந்துவிடும். 2003-இல் வந்த பதிப்பிலிருந்து, தொல்லை மிகுந்த பாத்திகளை அடையாளங்கண்டு அவற்றைத் தவிர்த்துத் தாவும் புத்தியும் சேர்ந்தது. இவ்வாறு அலை விட்டு அலை தாவும் யோசனை மிகப் பழையது. ஹெடி லமார் என்ற திரைப்பட நடிகையும் ஜார்ஜ் ஆந்தெய்ல் என்ற இசையமைப்பாளரும் நீரடிக் குண்டுகளை எதிரி குழப்பாமல் செலுத்துவதற்காக இத்தகைய முறையொன்றுக்கு 1942-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தார்கள். பியானோவின் கட்டைகளைப்போல் 88 அலைகள் என்பது அவர்கள் கணக்கு!

அலையின் வலு மிகக் குறைவு. ஹெட்செட் வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு விதித்திருக்கும் உச்சவரம்பு இரண்டரை மில்லிவாட். தோராயமாக 30 அடி தூரம் எட்டும். கைபேசி கோபுரத்தை எட்டுவதற்கு வெளியிடக்கூடிய ஆற்றலோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. இன்னொன்று: இந்த அலையை நீர் நன்றாக உறிஞ்சும். மனித உடலோ பெரும்பகுதி நீர். ஹெட்செட் வலது காதிலும் கைபேசி இடது பின்பையிலும் இருந்தால், நடுவில் நம் உடலே சுவராக நின்று ஒலியை விட்டுவிட்டுக் கேட்கச் செய்யும். கருவி கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுமுன், கைபேசியைப் பை மாற்றி வைத்துப் பாருங்கள். என் மைத்துனர் ஒருவர் இதனாலேயே ஒரு ஹெட்செட்டை வீணாக மாற்றினார்.

இனி நண்பரின் கேள்விக்கு நெருங்குவோம். முன்பின் தெரியாத இரண்டு கருவிகள் எடுத்த எடுப்பில் பேசிக்கொள்ள முடியாது. முதலில் அறிமுகம் நடக்க வேண்டும். 'பேரிங்' என்று கடைக்காரர் சொல்வது அதைத்தான். ஹெட்செட்டின் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், 'நான் இங்கிருக்கிறேன்' என்று அது தன்னை வெளிக்காட்டுகிறது. கைபேசித் திரையில் அதன் பெயர் வருகிறது. நாம் தொடுகிறோம். அந்தச் சில நொடிகளில் இரண்டும் கூடி 128 பிட் நீளமுள்ள ஓர் இரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு படியை நினைவில் பூட்டி வைத்துக்கொள்கின்றன. பழைய கருவிகளில் 0000 அல்லது 1234 என்று எண்ணை அழுத்தச் சொல்வார்கள். ஊருக்கெல்லாம் ஒரே எண் என்றால் அது என்ன இரகசியம்! 2007-இல் முறை மாறியது. இரண்டு கருவிகளும், இடையில் ஒட்டுக்கேட்பவன் காதில் எல்லாம் விழுந்தாலும் சாவியை மட்டும் கண்டுபிடிக்க முடியாத ஒரு கணித முறையில் அதை உருவாக்குகின்றன. கார் போன்று திரையுள்ள கருவியானால் இரு திரைகளிலும் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். இரண்டும் ஒன்றா என்று நாம் பார்த்துச் சொல்ல வேண்டும். நடுவில் வேறொருவன் நுழைந்து இரு பக்கமும் ஏமாற்றவில்லை என்பதற்கு அதுவே சான்று. நம்மில் எத்தனை பேர் அந்த எண்ணைப் பார்க்கிறோம்? திரையே இல்லாத ஹெட்செட்டுக்கு அந்தச் சோதனையும் இயலாது. ஆகவே புதிய ஹெட்செட்டை முதன்முறை இணைப்பதைச் சந்தையிலோ ரயில் நிலையத்திலோ செய்யாமல் வீட்டில் செய்வது நல்லது.

கவனிக்க வேண்டிய செய்தி என்னவென்றால், இந்த அறிமுகம் ஒருமுறை நடந்தால் போதும். பிறகு அந்தக் கருவிகள் அருகில் வரும்போதெல்லாம், சாவியைக் கொண்டு ஒன்றையொன்று அடையாளங்கண்டு, நம்மைக் கேட்காமலேயே இணைந்துகொள்ளும். நண்பர் காரின் சாவியைத் திருப்பிய சில நொடிகளில் அதுதான் நடந்தது. கார், தனக்குத் தெரிந்த கைபேசி எதுவும் உள்ளே இருக்கிறதா என்று தேடிப் பார்த்தது, நண்பரின் கைபேசி இருந்தது, கைகுலுக்கிக்கொண்டன. ஹெட்செட்டும் விலகிப் போகவில்லை. ஆக, அந்த நேரத்தில் கைபேசிக்கு இரண்டு வாய்கள், இரண்டு காதுகள். நண்பருக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

அழைப்பு வந்தபோது என்ன நடந்தது என்பதுதான் எனக்கு மிகவும் சுவையாக இருந்தது. கைபேசிக்கும் கைதொடாக் கருவிக்கும் இடையே எழுத்தில் ஓர் உரையாடல் நடக்கிறது. 1980-களில் தொலைபேசிக் கம்பியில் கணினிகளை இணைத்த மோடம் என்ற பெட்டிகளுக்குக் கட்டளையிட உருவான மொழி அது, கட்டளைகள் 'ஏ.டி.' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். 'கவனி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். பெட்டிகள் போய்விட்டன, மொழி மட்டும் நம் காதுக்குள் வந்து வாழ்கிறது. அழைப்பு வந்ததும் கைபேசி 'ரிங்' என்று சொல்லி அனுப்பும். அழைப்பவரின் எண்ணையும் சொல்லும். நாம் பொத்தானை அழுத்தினால் கருவி 'ஏ.டி.ஏ.' என்று பதில் அனுப்பும். 'எடுத்துவிடு' என்பது அதன் பொருள். துண்டிக்க வேறொரு கட்டளை; ஒலியைக் கூட்டக் குறைக்க இன்னொன்று. 'எடுத்துவிடு' என்ற சொல் எந்தக் கருவியிலிருந்து வருகிறதோ, பெரும்பாலான கைபேசிகள் அந்தக் கருவிக்கே குரலின் வழியைத் திறந்துவிடும்.

நண்பர் நடைமேடையில் ஹெட்செட்டின் பொத்தானை அழுத்திப் பேசினார். குரல் ஹெட்செட்டுக்கு வந்தது. காரில் ஸ்டியரிங்கின் பொத்தானை அழுத்தினார். 'எடுத்துவிடு' என்று சொன்னது கார். குரல் காருக்குப் போயிற்று. காதில் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது என்பது கைபேசிக்குப் பொருட்டே இல்லை. அதைப் பிடுங்கிப் பைக்குள் அமுக்கி என்ன பயன்? ராத்தாவின் வார்த்தைகள் அந்த வழியில் வரவேயில்லையே! பேசிக்கொண்டிருக்கும்போதே வழியை மாற்ற, கைபேசியின் அழைப்புத் திரையில் ஸ்பீக்கர் படம் ஒன்று இருக்கும், அதைத் தொட்டால் கைபேசி, ஹெட்செட், கார் என்று பட்டியல் வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். வண்டி ஓட்டும்போது அதைத் தேடுவது ஆபத்து. புறப்படுமுன் கைபேசியில் காரின் அழைப்பு இணைப்பை மட்டும் நிறுத்திவைக்கவும் வசதி உண்டு.

இதே இடத்தில் என் சொந்த வேலை சம்பந்தப்பட்ட ஒரு செய்தியும் கிடைத்தது. கொரோனாக் காலத்திலிருந்து வெளிநாடுகளிலுள்ள நம் பிள்ளைகள் சிலர் இணையவழியில் என்னிடம் ஓதி வருகிறார்கள். அவர்களில் ஒரு சிறுமி. நன்றாக ஓதக்கூடியவள். திடீரென்று ஒரு வாரம் அவளுடைய 'ஸீன்' எனக்குக் கேட்கவேயில்லை. 'ஸே'யையும் 'ஃபே'யையும் பிரித்தறிய முடியவில்லை. 'ஸாத்' மட்டும், அதன் கனம் அடுத்து வரும் ஒலியையும் தடிக்கச் செய்வதால், ஓரளவு பிடிபட்டது. மூன்று நாள் அவளைத் திருத்தித் திருத்திச் சலித்தேன். பிள்ளையும் கண்கலங்கிவிட்டாள். அவளுடைய உம்மா குறுக்கிட்டு, "ஹஜ்ரத், வீட்டிலே சரியாத்தான் ஓதுறா" என்றபோதும் நான் நம்பவில்லை.

குற்றம் பிள்ளையிடம் இல்லை. அவளுக்குப் புதிதாக வாங்கிக்கொடுத்திருந்த இயர்பட்டில் இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது. புளூடூத்தில் ஒலிக்கு இரண்டு பாதைகள் உண்டு. பாட்டோ கிராஅத்தோ கேட்பதற்கென்று ஒன்று. அது ஒருவழிப் பாதை, அகலமானது, ஒலி தெளிவாக இருக்கும். ஆனால் அதில் திரும்பி வரும் வழி இல்லை. மைக் வேலை செய்யாது. பேசுவதற்கென்று உள்ளது மற்றொன்று. இருவழிப் பாதை, ஆனால் குறுகலானது. மைக்கைத் திறந்த மறுகணம் கருவி முதல் பாதையை விட்டு இரண்டாவதற்கு மாறிவிடும். பழைய முறைப்படி இந்தக் குறுகிய பாதையில் நொடிக்கு 64,000 சிறு குறிகள்தாம் செல்லும். ஒவ்வொரு குறியும் 'ஒலியலை முன்பைவிட மேலே போகிறது' அல்லது 'கீழே போகிறது' என்பதை மட்டுமே சொல்லும். அதில் நொடிக்கு 4,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி எதுவும் கடந்துவராது. 'ஸீன்' என்ற எழுத்தின் சீறலோ பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. பிள்ளையின் பற்களுக்கிடையே சரியாகப் பிறந்த எழுத்து, வழியிலேயே வெட்டுண்டு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நான் திருத்தியது வெட்டுண்ட மிச்சத்தை!

2011-இல் இந்தப் பாதையை அகலப்படுத்தும் ஒரு முறை வந்தது. நொடிக்கு 7,000 அதிர்வுகள் வரை கடத்தும். கைபேசி, இயர்பட் இரண்டுமே அதை அறிந்திருந்தால்தான் பயன். ஒன்று அறியாவிட்டாலும் இரண்டும் பழைய குறுகிய வழிக்கே இறங்கிவிடும். 2020-ஆம் ஆண்டு 'எல்.இ. ஆடியோ' என்ற புதிய முறை அறிவிக்கப்பட்டது. குறைந்த மின்செலவில் தெளிவான குரலை இருபுறமும் கடத்தவல்லது. காது மந்தமானவர்கள் அணியும் செவித்துணைக் கருவிகளையும் கருத்தில் கொண்டே அதை வகுத்திருக்கிறார்கள். அதுவும் இரு பக்கமும் இருந்தால்தான் வேலை செய்யும். நான் இப்போது என் மாணவர்களுக்குச் சொல்லிவிட்டேன்: ஓதும் நேரத்தில் இயர்பட்டைக் கழற்றி வையுங்கள், கைபேசியின் சொந்த மைக்கில் ஓதுங்கள், அல்லது கம்பியுள்ள பழைய ஹெட்செட்டை மாட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சிறுமியின் 'ஸீன்' மறுநாளே திரும்பி வந்துவிட்டது. அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். சிரித்துக்கொண்டு, "பரவாயில்லை ஹஜ்ரத்" என்றாள்.

காரைப் பற்றி இன்னொரு செய்தி பாக்கியிருக்கிறது. அது பெண்கள் உள்ள நம் வீடுகளுக்கு மிகவும் வேண்டியது. அறிமுகத்தின்போது கார், 'தொடர்புகளை எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறாயா?' என்று கைபேசியில் ஒரு கேள்வி கேட்கும். சரி என்று தொட்டுவிட்டால், நம் கைபேசியிலுள்ள பெயர்கள், எண்கள், யார் யாரிடம் எப்போது பேசினோம் என்ற பட்டியல் எல்லாமே காருக்குப் படியெடுக்கப்படும். யார் அழைக்கிறார்கள் என்று காரின் திரையில் பெயர் காட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. சொந்தக் காரானால் தவறில்லை. வெளியூரில் வாடகைக்கு எடுத்த காரானால்? விற்றுவிட்ட காரானால்? அந்தப் படி சில கார்களின் நினைவகத்தில் அப்படியே தங்கிவிடக்கூடும். வாடகைக் கார்களில் கைபேசியை இணைப்பவர்கள் திருப்பிக் கொடுக்கும்போது தங்கள் தகவல்களை அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2016-லேயே மக்களை எச்சரித்தது. உம்மா, மனைவி, மகள், மருமகள் ஆகியோரின் எண்கள் முன்பின் அறியாதவர் கையில் போவதை நம்மில் யார் விரும்புவோம்? கைபேசியில் காரின் பெயரை அழித்தால் மட்டும் போதாது. அது நம் பக்கத்துச் சாவியைத்தான் அழிக்கும். காரின் திரையில் அமைப்புப் பகுதிக்குச் சென்று, அங்கே நம் கைபேசியின் பெயரையும் நீக்க வேண்டும். விற்பதானால் காரின் நினைவகம் முழுவதையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுவது மேல். வாடகை வண்டியில் பேச மட்டும் வேண்டுமானால், தொடர்புகள் பற்றிய கேள்விக்கு 'வேண்டாம்' என்று தொட்டாலும் பேச்சு நடக்கும். பெயருக்குப் பதில் எண் தோன்றும், அவ்வளவே.

ஹெட்செட்டை யாரேனும் தெருவில் நின்று ஒட்டுக்கேட்க முடியுமா என்று என் இல்லத்தரசி கேட்டார். சாவி சரியாக இருந்தால் எளிதன்று. எனினும் 2019-இல் ஆராய்ச்சியாளர் மூவர், இரண்டு கருவிகளும் சாவியின் வலுவைப் பேசி முடிவு செய்யும் இடத்தில் குறுக்கிட்டு, மிகவும் பலவீனமான சாவிக்கு இரண்டையும் சம்மதிக்க வைக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். அதன்பின் சாவியின் வலுவுக்குக் குறைந்தபட்ச அளவு விதிக்கப்பட்டது. கைபேசி 'புதுப்பிக்கவா?' என்று கேட்கும்போது நாம் தள்ளித் தள்ளிப் போடுகிறோமே, அந்தப் புதுப்பித்தலில்தான் இத்தகைய திருத்தங்கள் வருகின்றன.

நண்பரின் வீட்டுச் செய்தியைக் கேட்காமல் வாசகர்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும். சாச்சா மறுநாள் சம்பளத்தையும் ஓவர்டைமையும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பெண் வீட்டார் அதைப் பார்த்துத் திருப்தியடைந்தார்கள். நிக்காஹ் அடுத்த மாதம். ராத்தா மட்டும் சாச்சாவின் முன்னால் வர இன்னும் கூச்சப்படுகிறார். தம்பிக்குப் போன் செய்தால், ஸலாம் சொன்னதும் அவர் கேட்கும் முதல் கேள்வி இப்போது இதுதான்:

"தம்பி, காதிலே இருக்கேனா, காரிலே இருக்கேனா?"